பகுதி 25: ஓர் எண் கடந்து வந்த தூரம்

மனித மூளையின் மேற்பரப்பை நாடு நாடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை எழுதிய வரைபடம் ஒன்று 1909இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அச்சாகி வெளிவந்தது. வரைந்தவர் கோர்பினியன் பிராட்மான் என்ற மருத்துவர். நரம்பியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த எண்களைத்தான் சொல்கிறார்கள். பார்வைக்கு 17, கைகால் அசைவுக்கு 4, பேச்சுக்கு 44 என்று ஒரு சில எண்களுக்கு மதிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. 25ஆம் எண் அப்படி இல்லை. யாரும் அதைத் தேடிப் போகாமலே ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழிந்தன. பிறகு, மனச்சோர்வு என்ற நோயைப் புரிந்துகொள்ள முயன்ற ஒவ்வொரு பாதையும் அந்த எண்ணின் வாசலில் வந்து நின்றது.

அந்த எண்ணின் வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனச்சோர்வில் விழுந்தவரைப் பார்த்து நம் வீடுகளில் சொல்லும் வார்த்தைகள் எல்லாருக்கும் தெரியும்: "மனசைத் திடப்படுத்திக்கோ", "எல்லாம் நீயா நினைச்சுக்கிறது", "வேலை இல்லாததால வர்ற நினைப்பு". இந்தப் பழியைத் துடைப்பதற்கு 25 எவ்வளவு செய்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஓர் இடத்தைச் சரிசெய்தால் நோய் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அதே எண்தான் கடிவாளம் போட்டது. இரண்டுமே அறிய வேண்டியவை.

எண் பிறந்த கதை

பிராட்மான் பெர்லினில், ஆஸ்கார் ஃபோக்ட், செசில் ஃபோக்ட் தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். மூளையைச் சீவல் சீவலாக நறுக்கி, நிஸ்ல் என்பவர் கண்டுபிடித்த முறையில் சாயம் ஏற்றுவார். சாயம் நரம்பணுக்களின் உடலை மட்டும் பிடிக்கும். நுண்ணோக்கியில் அவை ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். மூளைப் புறணியில் அந்தப் புள்ளிகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஓரிடத்தில் ஓர் அடுக்கு தடித்திருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் அது மெலிந்திருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். அடுக்கின் அமைப்பு மாறும் இடத்தில் அவர் எல்லை போட்டார். ஒவ்வொரு எல்லைக்குள்ளும் ஓர் எண்.

நம் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் தடித்த வெள்ளை நார்க்கற்றை முன்பக்கம் வந்து முழங்கால்போல் மடங்கும். அந்த மடக்கின் அடியில், நடுக்கோட்டை ஒட்டி ஒதுங்கியிருக்கும் சிறு பரப்புக்குத்தான் 25 என்ற எண் கிடைத்தது. புருவ மத்தியிலிருந்து நேர் பின்னால் போனால் ஏறக்குறைய ஒரு விரல் நீளத்தில் அது இருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

அமைப்பு வேறுபட்டால் பணியும் வேறுபடும் என்று பிராட்மான் உறுதியாக நம்பினார். ஆனால் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று சொல்லும் வழி அவரிடம் இல்லை. அவர் பார்த்ததெல்லாம் இறந்தவர்களின் மூளை. பேராசிரியர் தகுதிக்காக அவர் கொடுத்த ஆய்வை பெர்லின் மருத்துவப் பிரிவு ஏற்கவில்லை. 1918இல், 49 வயதில், மியூனிக் நகரில் அவர் இறந்துபோனார். வரைபடம் மட்டும் நிலைத்தது.

பேசாமல் கிடந்த காலம்

25 இத்தனை காலம் கண்டுகொள்ளப்படாமல் கிடந்ததற்கு அதன் இருப்பிடமே காரணம். துப்பாக்கிக் குண்டு, பக்கவாதம், கட்டி இவற்றால் மூளையின் ஒரு துண்டு பழுதானவர்களைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் மூளையின் பணிகளைப் படித்தார்கள். நடுக்கோட்டின் ஆழத்தில் இருக்கும் சிறு பரப்பு மட்டும் தனியாகப் பழுதாவது அரிது.

அந்த இடைவெளியில் மனநோய்க்கான அறுவை சிகிச்சை ஒரு கொடுமையான அத்தியாயத்தைக் கடந்தது. 1935இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் நெற்றிமூளையின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் முறையைத் தொடங்கினார். 1949இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எதை வெட்டுகிறோம் என்ற தெளிவு இல்லாமலே ஆயிரக்கணக்கானோரின் மூளை வெட்டப்பட்டது. பலர் உணர்ச்சியும் முனைப்பும் இழந்து, வீட்டார் அடையாளம் காண முடியாதவர்களாகத் திரும்பினார்கள். 1960களில் லண்டனில் ஜெஃப்ரி நைட் என்ற அறுவை மருத்துவர் வெட்டும் பரப்பைக் குறைக்கப் பார்த்தார். கதிரியக்க இட்ரியம் குச்சிகளை மூளையின் அடிப்பக்கம் வைத்துச் சிறிய இடத்தை மட்டும் அழித்தார். அந்த இடம் 25க்குப் பக்கத்தில் இருந்தது என்பது இன்று திரும்பிப் பார்க்கும்போது கண்ணில் படுகிறது. அன்று யாரும் அந்த எண்ணைச் சொல்லவில்லை.

இதற்கிடையில் மாத்திரைகள் வந்துவிட்டன. 1950களில் இமிப்ரமின், 1980களின் இறுதியில் ஃபுளுவாக்செட்டின். அவற்றால் ஏராளமானோர் எழுந்து நடமாடினார்கள். அத்துடன் 'செரட்டோனின் குறைந்தால் சோர்வு' என்ற எளிய விளக்கமும் பரவியது. எந்த வேதிப்பொருள் என்று எல்லாரும் கேட்டார்கள். எந்த இடம் என்று கேட்டவர்கள் குறைவு.

வெளிச்சம் விழுந்த நாள்கள்

உயிரோடு இருப்பவரின் மூளை எங்கே உழைக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வந்தபிறகு நிலைமை மாறியது. கொஞ்சம் கதிரியக்கம் கலந்த நீரையோ சர்க்கரையையோ ஊசி வழியாக ஏற்றுவார்கள். மூளையில் எங்கே இரத்தம் கூடுதலாகப் பாய்கிறதோ, எங்கே சர்க்கரை கூடுதலாகச் செலவாகிறதோ, அந்த இடம் படத்தில் ஒளிரும்.

1997இல் வேய்ன் ட்ரெவெட்ஸ் குழுவினர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடும்பத்தில் மனச்சோர்வோ இருமுனை நோயோ தொடர்ந்து வருகிற நோயாளிகளுக்கு, அந்த மடக்கின் கீழ்ப்பகுதி சுருங்கியிருந்தது. இறந்தவர்களின் திசுவை அடுத்த ஆண்டு ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. குறைந்திருந்தவை பெரும்பாலும் நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் வேறொரு திசையிலிருந்து வந்தார் ஹெலன் மேபெர்க். இவர் மனநல மருத்துவர் இல்லை, நரம்பியல் மருத்துவர். பார்க்கின்சன், ஹண்டிங்டன், பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருவதை அவர் கவனித்தார். நோய் வேறு, பழுதான இடம் வேறு; சோர்வு மட்டும் பொது. அப்படியானால் இவர்கள் எல்லாருடைய மூளையிலும் பொதுவாகத் தடம் புரண்டது எது?

1999இல் வெளியான அவருடைய ஆய்வு இரண்டு கூட்டத்தாரை எதிரெதிரே வைத்தது. முதல் கூட்டத்தார் எந்த நோயும் இல்லாதவர்கள். தங்கள் வாழ்க்கையின் துயரமான நிகழ்ச்சி ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி அதை நினைவுக்குக் கொண்டுவந்தார்கள். கண் கலங்கும் நேரத்தில் படம் எடுத்தபோது, 25இல் இரத்த ஓட்டம் ஏறியிருந்தது. சிந்தித்து முடிவெடுக்க உதவும் நெற்றிமூளையின் மேற்பகுதியில் அது இறங்கியிருந்தது. இரண்டாவது கூட்டத்தார் மனச்சோர்வு நோயாளிகள். ஃபுளுவாக்செட்டின் சாப்பிட்டுக் குணமானபோது அவர்களுக்கு இதன் நேரெதிர் நடந்தது: 25 அடங்கியது, நெற்றிமூளை எழுந்தது.

அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே மாத்திரையை ஆறு வாரம் சாப்பிட்டவர்களில் குணமானவர்களுக்கு 25 அடங்கியிருந்தது. குணமாகாதவர்களுக்கு அது அடங்கவே இல்லை. மாத்திரை இருவர் உடலிலும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர் மூளை அதற்கு வழிவிட்டது. இன்னொருவர் மூளை விடவில்லை. மாத்திரை வேலை செய்யாதவரை 'மனசு வைக்கவில்லை' என்று குறை சொல்வதற்கு இதற்குப் பிறகு இடமே இல்லை.

ட்ரெவெட்ஸ் 25 சுருங்கியிருப்பதைக் கண்டார். மேபெர்க் அது மிகையாக உழைப்பதைக் கண்டார். முதல் பார்வைக்கு முரண்பாடு. ஆனால் சுருங்கிய திசுவின் அளவைக் கணக்கில் எடுத்துத் திருத்திப் பார்த்தால், எஞ்சிய பகுதி அளவுக்கு மீறி உழைப்பது தெரிந்தது. இரண்டு கண்டுபிடிப்பும் ஒன்றோடொன்று பொருந்தின.

ஜங்ஷன்

25 ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அதனுடைய தொடர்புகளைப் பார்த்தால் விளங்கும். பசி, தூக்கம், உடல் வெப்பம், ஹார்மோன் இவற்றை ஆளும் ஹைப்போதலாமசுக்கு அங்கிருந்து நேரடி இழைகள் போகின்றன. அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலாவுக்கும், இதயத் துடிப்பையும் குடலையும் நடத்தும் மூளைத்தண்டுக்கும் போகின்றன. ஆசையையும் வெகுமதியையும் எடைபோடும் பகுதிக்கும், தன்னைப் பற்றி நினைக்கும் நெற்றிமூளை நடுப்பகுதிக்கும் போகின்றன. செரட்டோனினை உள்ளிழுக்கும் கடத்திகள் புறணியிலேயே மிகவும் செறிந்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஃபுளுவாக்செட்டின் போன்ற மாத்திரைகள் பிடிப்பது இந்தக் கடத்திகளைத்தான்.

விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு சிக்னல் பழுதானால் சென்னை வண்டி, திருச்சி வண்டி, புதுச்சேரி வண்டி எல்லாம் நின்றுபோகும். விழுப்புரத்தில் யாருக்கும் வேலை இருக்க வேண்டியதில்லை. 25உம் அப்படியொரு ஜங்ஷன். மனச்சோர்வு ஏன் மனசை மட்டும் தாக்காமல் உறக்கத்தையும் பசியையும் வயிற்றையும் உடல் வலுவையும் ஆசையையும் சேர்த்துப் பிடுங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சாப்பிட முடியாதவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்பவர் வேண்டுமென்றே யோசித்துக்கொண்டிருக்கவில்லை.

டொராண்டோ, 2003

மேபெர்க் 1999இல் கனடாவின் டொராண்டோவுக்கு இடம் மாறியிருந்தார். அங்கே ஆந்த்ரேஸ் லோசானோ என்ற நரம்பு அறுவை மருத்துவர் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஆழ்மூளைத் தூண்டல் செய்துகொண்டிருந்தார். பிரான்சின் கிரனோபிள் நகரில் 1987இல் அலிம்-லூயி பெனாபிட் நிலைநாட்டிய முறை அது. மெல்லிய மின்முனையை மூளையின் ஆழத்துக்கு இறக்கி, இடைவிடாமல் சிறு மின்துடிப்புகளைக் கொடுப்பார்கள். பழுதாகத் துடிக்கும் சுற்று அடங்கும், நடுக்கம் நிற்கும். வேண்டாமென்றால் கருவியை நிறுத்தலாம், மின்முனையை வெளியே எடுக்கலாம். மோனிஸ் காலத்துக் கத்திக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். மேபெர்க்கின் கேள்வி நேரடியானது: மாத்திரை அடக்க முடியாத 25ஐ மின்சாரம் அடக்குமா?

மனநல மருத்துவர் சிட்னி கென்னடியும் சேர்ந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேரும் மாத்திரைகளுக்கும் உரையாடல் சிகிச்சைக்கும் அசையாத நோயாளிகள். அவர்களில் பெரும்பாலோர் மின்னதிர்வு சிகிச்சையும் எடுத்துப் பலனில்லாதவர்கள்.

அறுவை அரங்கில் நோயாளி விழித்திருந்தார். தலையில் உலோகச் சட்டம் பூட்டியிருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, மண்டை ஓட்டில் இருபுறமும் சிறு துளை இட்டார்கள். 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்முனை உள்ளே இறங்கியது. அதன் நுனியில் நான்கு தொடுபுள்ளிகள். எந்தப் புள்ளியில் எப்போது மின்சாரம் ஏறுகிறது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரியான புள்ளியில் மின்சாரம் ஏறியபோது நோயாளிகள் சொன்னவை 2005இல் 'நியூரான்' இதழில் வெளியான கட்டுரையில் பதிவாகியிருக்கின்றன. திடீரென்று அமைதி வந்தது என்றார்கள். உள்ளே இருந்த வெறுமை மறைந்துவிட்டது என்றார்கள். அறை பளிச்சென்று ஆனதாகவும், பொருள்களின் நிறம் அடர்ந்து தெரிவதாகவும் சொன்னவர்கள் இருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தினால் அந்த மாற்றமும் போய்விட்டது. பல ஆண்டுகளாக எதுவும் எட்டாத ஓரிடத்தை ஏதோ ஒன்று எட்டியது. ஆறு மாதம் கழித்து, ஆறு பேரில் நான்கு பேர் நன்கு தேறியிருந்தார்கள்.

கொஞ்ச காலத்தில் மேபெர்க் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கும் இதைத் தொடர்ந்தார். அங்கே நடந்த ஓர் ஆய்வின் திட்டப்படி, தேறிய நோயாளிகளுக்குக் கருவியை அவர்கள் அறியாமல் சில வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முதல் மூவருக்கு நிறுத்தியதும் நோய் திரும்பியது. அந்தக் கட்டத்தை அத்தோடு ஆய்விலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஓர் அறிவியல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது; அதற்கு மேல் யாரையும் அந்த இருட்டில் தள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

வீழ்ச்சி

ஆறு பேர் போதாது. மாத்திரைக்குச் செய்வதுபோல் பெரிய ஆய்வு வேண்டும். செயின்ட் ஜூட் மெடிக்கல் என்ற நிறுவனம் 2008இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கியது. 90 பேருக்கு மின்முனை பொருத்தினார்கள். 60 பேருக்குக் கருவி ஓடியது. 30 பேருக்கு ஆறு மாதம் அணைந்தே இருந்தது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அவரை மதிப்பிடுகிறவருக்கும் தெரியாது.

ஆறு மாத முடிவில், கருவி ஓடியவர்களில் நூற்றுக்கு 20 பேர் தேறினார்கள். அணைந்திருந்தவர்களில் நூற்றுக்கு 17 பேர். மண்டை ஓட்டைத் துளையிட்டு மின்முனை வைத்ததற்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. தொடர்ந்தாலும் பலன் தெரியாது என்று இடைக்காலக் கணிப்பு சொன்னது, ஆய்வு நிறுத்தப்பட்டது. 25இன் கதை முடிந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள்.

ஆனால் அந்த 90 பேர் எங்கும் போய்விடவில்லை. மின்முனை தலையில் இருந்தது, பேட்டரி காறை எலும்புக்குக் கீழே இருந்தது. ஆறு மாதம் முடிந்ததும் எல்லாருக்கும் கருவியை ஓடவிட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நூற்றுக்கு 49 பேர் தேறியிருந்தார்கள். நூற்றுக்கு 26 பேருக்கு நோய் அறவே தணிந்திருந்தது. 2017இல் வெளியான முழு அறிக்கையில் ஆறு மாதத்தின் எண்ணையும் இரண்டு ஆண்டின் எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் தவறு எங்கே என்று புரிகிறது. பத்து, இருபது ஆண்டு நோயில் கிடந்தவருக்கு ஆறு மாதம் என்பது மிகக் குறுகிய அவகாசம். இந்த ஆய்வு இன்னொரு கேள்வியையும் விட்டுச் சென்றது. ஆய்வு நின்றபின் தலையில் இருக்கும் கருவியை யார் பார்த்துக்கொள்வது, தீர்ந்துபோகும் பேட்டரிக்கு யார் பணம் கட்டுவது என்பது அது. புதிய ஆய்வுகளைத் தொடங்குகிறவர்கள் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

புள்ளியிலிருந்து பாதைக்கு

காலம் ஒரு குறை என்றால் இடம் இன்னொரு குறை. அதுவரை மின்முனையை 25 என்று படத்தில் தெரிந்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி வைத்தாலும் சிலர் தேறினார்கள், சிலர் தேறவில்லை.

எமரியில் பாட்ரிசியோ ரிவா-போஸ் குழுவினர் நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களை வேறு விதமாகப் படித்தார்கள். நரம்பிழைகளின் நீளவாக்கில் நீர் மூலக்கூறுகள் எளிதாக நகரும். குறுக்கே நகர்வது கடினம். அந்த நகர்வை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத இழைக்கற்றைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று வரையலாம். அப்படி வரைந்தபோது, தேறிய எல்லாரிடமும் மின்சாரம் நான்கு கற்றைகளைத் தொட்டிருந்தது. ஒன்று இரு பாதிகளின் நெற்றிமூளைகளையும் இணைப்பது. ஒன்று சிங்குலேட் மடிப்பின் வழியே நீள்வது. ஒன்று நெற்றிமூளையின் அடிப்பகுதியைப் பொட்டு மடலோடு சேர்ப்பது. ஒன்று மூளையின் ஆழத்தில் இருக்கும் கருத்திரள்களுக்கு இறங்குவது. தேறாதவர்களிடம் இந்த நான்கில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தது.

அடுத்த 11 நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பே அவரவர் மூளையின் இழைப்படத்தை வரைந்து, நான்கும் கூடும் இடத்தைக் குறிவைத்தார்கள். ஆறு மாதத்தில் எட்டுப் பேரும், ஓராண்டில் ஒன்பது பேரும் தேறினார்கள். 28 பேரை எட்டு ஆண்டுவரை பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு 2019இல் வந்தது. இரண்டாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் பாதிப் பேருக்குக் குறையாமல் தேறிய நிலையிலேயே இருந்தார்கள். பிராட்மான் போட்ட எல்லைக்கோடு இந்தச் சிகிச்சைக்குப் போதவில்லை. 25இன் மதிப்பு அதன் வழியாகப் போகும் சாலைகளில் இருந்தது.

சாலையைத் திறந்துவிட்டால் போதுமா? போதாது என்பதையும் நோயாளிகளே காட்டினார்கள். மின்சாரம் வலியை நிறுத்துகிறது. வேலைக்குப் போவது, பழைய நண்பரைக் கூப்பிடுவது, பிள்ளைகளோடு உட்காருவது ஆகியவற்றை மறுபடி பழக வேண்டும். நோய் போனதும் இழந்த ஆண்டுகளின் கனம் தெரிய ஆரம்பிக்கும். அதனால் இத்தகைய ஆய்வுகளில் அறுவைக்குப் பிறகு உரையாடல் சிகிச்சையும் வாழ்க்கைப் பயிற்சியும் சேர்ந்தே நடக்கின்றன.

25 பேச ஆரம்பித்தது

2023இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், மின்முனை மின்சாரம் கொடுப்பதோடு நிற்காமல் கேட்கவும் செய்தது. பத்து நோயாளிகளுக்குப் பொருத்திய கருவி, 25ஐச் சுற்றியுள்ள மின் அலைகளையும் பதிவு செய்யும் வகையைச் சேர்ந்தது. ஜார்ஜியா டெக்கின் கிறிஸ்டோபர் ரோசெல் குழுவினர் அந்தப் பதிவுகளைக் கணினிக்குப் பயிற்சி கொடுத்துப் படித்தார்கள். நோயுற்ற நிலையின் அலைக்கும் தேறிய நிலையின் அலைக்கும் இடையே தெளிவான வேறுபாடு கிடைத்தது. நேர்காணல் வீடியோவில் நோயாளிகளின் முகபாவம் மாறிய காலமும் அலைகள் மாறிய காலமும் ஒத்துப்போயின. 24 வாரத்தில் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள், ஏழு பேருக்கு நோய் தணிந்தது.

அவர்களில் ஒருவர் நன்றாகத் தேறியிருந்து, பல மாதம் கழித்து மறுபடி சரிந்தார். அவருடைய பதிவைத் திரும்பிப் பார்த்தபோது, அவரோ மருத்துவரோ எதையும் உணர்வதற்கு ஒரு மாதத்துக்கும் முன்பே 25இன் அலை நோய்ப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு சாதாரணக் கெட்ட வாரத்துக்கும் நோய் திரும்புவதற்கும் உள்ள வேறுபாட்டை அது தனியே பிரித்துக் காட்டியது. மனச்சோர்விலிருந்து மீண்ட யாரையும் கேளுங்கள்: ஒவ்வொரு கெட்ட நாளிலும் அவர்கள் மிகவும் அஞ்சுவது இந்தக் குழப்பத்துக்குத்தான்.

மேபெர்க் இப்போது நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் இதைத் தொடர்கிறார். செயின்ட் ஜூடை வாங்கிய அபாட் நிறுவனம் 2024இல் புதிய ஆய்வைத் தொடங்கியது. மனச்சோர்வுக்கான இந்த அறுவை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இந்தியாவில் மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய வேண்டுமென்றால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி நோயாளியின் சம்மதமும் உரிய மனநல வாரியத்தின் அனுமதியும் கட்டாயம். மோனிஸ் காலத்தை நினைத்தால் அந்தக் கண்டிப்பு சரியானது.

கத்தி இல்லாத வழிகள்

தலையைத் துளைக்காமல் 25ஐ எட்டும் வழியும் அந்த எண்ணைப் பற்றிய ஆய்வுகளால் கிடைத்தது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான காந்தத் தூண்டல் முறையில், தலைக்கு மேல் வைக்கும் கம்பிச்சுருள் மண்டை ஓட்டைத் தாண்டி மூளையில் மின்துடிப்பை எழுப்பும். அதன் வீச்சு மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். 25 அதற்கு எட்டாது. இடது நெற்றிமூளையின் மேற்பரப்பில் ஓரிடத்தைத் தோராயமாக அளந்து தூண்டிக்கொண்டிருந்தார்கள். சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை.

2012இல் மைக்கேல் ஃபாக்ஸ் குழுவினர் காரணத்தைக் கண்டார்கள். மேற்பரப்பில் சில புள்ளிகள் 25க்கு நேரெதிராக இயங்குகின்றன. அவை எழும்போது 25 அடங்குகிறது. அந்தப் புள்ளிகளைத் தூண்டியபோதுதான் பலன் கூடுதல். ஸ்டான்ஃபோர்டில் நோலன் வில்லியம்ஸ் குழுவினர் ஒவ்வொருவரின் எம்.ஆர்.ஐ. படத்திலும் அந்தப் புள்ளியைத் தேடிக் குறித்தார்கள். பிறகு நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் மட்டும் சிகிச்சை கொடுத்தார்கள். 29 பேரைக் கொண்ட ஒப்பீட்டு ஆய்வில், நான்கு வாரம் கழித்து உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் நோய்க்கடுமை சராசரியாகப் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 11 விழுக்காடுதான். 2022இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

மருந்துகளுக்கும் 25 பாதை காட்டுகிறது. கேம்பிரிட்ஜில் ஏஞ்சலா ராபர்ட்ஸ் குழுவினர் மார்மோசெட் என்ற சின்னக் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட ஒலி கேட்டால் மார்ஷ்மெல்லோ மிட்டாய் வரும் என்று குரங்கு பழகியிருக்கும். ஒலி வந்ததும் இரத்த அழுத்தம் ஏறும்; தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தவிக்கும். மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்தி 25ஐ மிகையாக உழைக்க வைத்தபோது அந்த எதிர்பார்ப்பு மங்கிப்போனது. மிட்டாய்க்காக உழைக்கச் சொன்னாலும் சீக்கிரமே கைவிட்டது. ஆனால் மிட்டாயைக் கையில் கொடுத்தால் அதைச் சாப்பிடும் இன்பம் அப்படியே இருந்தது. கெட்டமின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது இந்தப் பாதிப்பு வரவில்லை. "நல்லாத்தானே சாப்பிடுறான், எழுந்து போய் எடுத்துக்க மாட்டேங்கிறானே" என்று மனச்சோர்வுள்ள பிள்ளையைப் பற்றிப் புலம்பும் பெற்றோருக்கு இந்தக் குரங்குகளிடம் ஒரு பதில் இருக்கிறது. எதிர்பார்த்து எழுவதும் கிடைத்ததை ரசிப்பதும் மூளையில் தனித்தனி வேலைகள். ஒன்று கெட்டு இன்னொன்று நன்றாக இருக்க முடியும்.

பேச்சும் இந்தச் சுற்றை மாற்றுகிறது. 2017இல் வந்த ஓர் ஆய்வில் 122 நோயாளிகளின் மூளையைச் சிகிச்சைக்கு முன்பே படமெடுத்தார்கள். 25க்கும் வேறு மூன்று இடங்களுக்கும் தொடர்பு வலுவாக இருந்தவர்கள் உரையாடல் சிகிச்சையில் நன்றாகத் தேறினார்கள். அது இல்லாதவர்கள் மாத்திரையில் தேறினார்கள். வழக்கமான மருத்துவமனையில் இப்படிப் படமெடுத்து முடிவெடுக்கும் காலம் இன்னும் வரவில்லை. ஆனால் மாத்திரையா பேச்சா என்ற சண்டைக்கு இதில் நல்ல தீர்ப்பு இருக்கிறது: யாருக்கு எது என்பதே கேள்வி.

உலகில் சுமார் 33 கோடிப் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மின்முனை தேவைப்படாது. மருத்துவரும் மாத்திரையும் பேச்சும் போதும். ஒரு மாத்திரை கேட்கவில்லையென்றால் அடுத்தது இருக்கிறது. அதுவும் கேட்கவில்லையென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. ஒன்று பலிக்காதது நோயாளியின் குற்றம் இல்லை என்பதற்கு 25இன் வரலாறு சாட்சி. ஆறு மாதத்தில் கைவிட்டிருந்தால் இரண்டு ஆண்டில் தேறியவர்களை இழந்திருப்போம் என்பதற்கும் அதுவே சாட்சி. வீட்டில் ஒருவர் சோர்ந்து கிடந்தால், "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று சொல்வதை விட்டுவிட்டு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆறு வாரம் கழித்து அதே மருத்துவரிடம் மறுபடியும் அழைத்துப் போங்கள்.